திருடிய இலையில் கரை வரவில்லை

மறுபடியும் பச்சை.

குனிந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். போனில் விளக்கடித்தும் பார்த்தேன். மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு முளை வந்திருந்தது, ஈட்டி முனை மாதிரி, பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்போடு. அடி முதல் நுனி வரை பச்சை. பச்சைக்குள் கொஞ்சம் கரும்பச்சை அலை. ஓரத்தில் மஞ்சள் இல்லை, ஒரு நூலளவுகூட இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஓரம்தான்.

"வந்துருச்சா?" என்று முன்னறையிலிருந்து கணவர் கேட்டார்.

"வந்துருச்சு."

"பெறகென்ன, சந்தோஷப்படு."

"பச்சையா வந்துருக்குங்க."

"செடின்னா பச்சையாத்தான் வரும். நீ என்ன ரோஸ் கலர்லயா ஆர்டர் பண்ண?"

புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்தது. பிற்பகல் வெயில் அதில் விழுந்தால் வரிசையாக நின்ற ஊறுகாய்ப் போத்தல்களும், மார்ஜரின் டப்பாக்களும், அவற்றில் நான் செருகி வைத்திருந்த இலைத் துண்டுகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்கும். எல்லாம் ஒரே தாயின் இலைகள். ஒன்றுகூடத் தாயைப் போல வரவில்லை.

அந்தத் தாய் அசாம் ஜாவாவில், என் அண்ணன் வீட்டு வாசலில், கார் நிற்கிற சிமெண்டுத் தரையின் ஓரத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருந்தது. பாம்புச் செடி. இடுப்பு உயரத்துக்கு வாள் வாளாக நிற்கும். ஒவ்வொரு வாளுக்கும் இரு பக்கமும் மஞ்சள் கரை, பச்சைப் பட்டுக்குக் கரை வைத்து நெய்த மாதிரி. காலை வெயில் சாய்வாக வரும்போது இலை இருளில் நின்றுவிடும், கரை மட்டும் எரியும். வாசலில் யாரோ மஞ்சள் கோடுகளை நட்டு வைத்துவிட்டுப் போனது போலிருக்கும்.

அண்ணன் அதை அழகுக்காக வாங்கியவர் அல்ல. அவர் வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டம். செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். ஒரு நாள் நாகம் ஒன்று குளியலறைக்கே வந்து வாளிக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது. தீயணைப்பு வண்டியில் ஆட்கள் வந்து, கொக்கியால் பிடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுபோனார்கள். மறுநாளே அண்ணன் சாலையோர நர்சரிக்குப் போய் இந்தச் செடியை வாங்கி வந்து வாசலில் வைத்தார். பாம்புச் செடி இருக்கிற வீட்டுக்குப் பாம்பு வராது என்று யாரோ சொன்னார்களாம்.

"ஒரு பாம்பு குடியிருக்கிற எடத்துக்கு இன்னொரு பாம்பு வாடகைக்கு வராது லா" என்பார்.

அண்ணி விடமாட்டார். "இதுக்கு மாமியா நாக்குன்னும் ஒரு பேரு இருக்கு. ஒங்கம்மா போய்ச் சேந்த கொறைக்கு, ஒங்கண்ணன் இதைக் கொண்டாந்து வாசல்ல வச்சிருக்காரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசைக்குப் போகும் முன் அண்ணன் காரைத் துடைப்பார். துடைத்து முடித்த கையோடு, அதே துணியால், அந்த இலைகளையும் துடைப்பார். ஒவ்வொரு இலையாக, அடியிலிருந்து நுனிக்கு. எனக்கு அந்தச் செடியின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அந்தத் துணிதான் என்று நினைக்கிறேன். காரைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தார், அதில் பாசம் எதுவும் இல்லை. ஆனால் துடைத்த பிறகு கரை மின்னும். அது எனக்கு அப்படியே வேண்டும்.

அண்ணன் திடீரென்று போனார். மார்வலி என்று சொன்னவர், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டார். அதைப் பற்றி எழுத இன்னும் எனக்குச் சொல் வரவில்லை, செடியைப் பற்றி எழுதுகிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பந்தியில் உட்கார்ந்திருந்த எங்கள் மாமா ஒருவர், அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "வீடு யாரு பேருல இருக்கு? தங்கச்சிக்கும் ஏதும் பங்கு உண்டா?" என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ரசத்தைப் பார்த்துக் கேட்டார். அடுப்படியில் தட்டு கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரோ அப்பளம் கேட்டார்கள், பேச்சு மாறியது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுச் சத்தம் மறுபடி வந்தது, முன்னைவிட வேகமாக.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூட "குடுங்க அண்ணி" என்று கேட்க என் நாக்கு எழவில்லை. கேட்டால் அது பங்கு கேட்டதாகிவிடும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அவர் சட்டை வேண்டாம், கடிகாரம் வேண்டாம், படம் என்னிடமே இருக்கிறது. அந்த மஞ்சள் கரை வேண்டும். அதை எப்படிக் கேட்பது?

நல்ல வேளையாக, நம் சனங்களிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. கேட்டு வாங்கி நட்ட செடி தழைக்காது, திருடி நட்டால்தான் தழைக்கும். எங்கள் தாமான் குடியிருப்பில் கறிவேப்பிலையும் பண்டானும் மல்லியும் வேலிக்கு வேலி இப்படித்தான் போயிருக்கின்றன. யாரும் உண்மையில் திருடுவதில்லை. நமக்கு ஆசை என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாம் ஒடித்துக்கொள்வோம். அவர் திரும்புவார். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி விலைவாசி பற்றிப் பேசுவோம். நன்றி மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் செடி பட்டுப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டிப் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றிருக்க வேண்டும்.

"புடிச்சிருந்தா ஒடிச்சுக்கம்மா. நான் பார்க்கல" என்றார் அண்ணி. "அடுப்புல பால் வச்சிருக்கேன்."

அடுப்பில் பால் இல்லை. எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் ஓர் இலையை அடியோடு வளைத்து ஒடித்தேன். பச்சை வெள்ளரிக்காய் ஒடிகிற சத்தம் வந்தது. உள்ளேயிருந்து ஓர் இருமல். வரப் போகிறேன் என்று அர்த்தம். இலை என் கைப்பையில் அடங்கவில்லை, தோளுக்கு மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கொம்பைப் பார்க்காமல் அண்ணி என்னோடு கால் மணி நேரம் பேசினார். அதற்கு ஒரு திறமை வேண்டும்.

முதல் இலையை என் கணவர் கொன்றார்.

அவர் சின்ன வயதில் தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்தவர். செம்பனைக் கன்றுகள், கறுப்புப் பிளாஸ்டிக் பைகள், காலையில் ஒரு தண்ணீர், மாலையில் ஒரு தண்ணீர். மண் காய்ந்திருந்தால் மேற்பார்க்கிற மண்டோர் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவாராம். அந்தத் திட்டு இன்னும் அவர் காதில் இருக்கிறது. பிறகு தொழிற்சாலைக்குப் போனார், தலை நரைத்தது. ஆனால் காய்ந்த மண்ணைப் பார்த்தால் இன்றைக்கும் கை தானாக ரப்பர்க் குழாயைத் தேடுகிறது.

"தண்ணி ஊத்தாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"கொஞ்சூண்டுதான் ஊத்துனேன்."

"காலையில கொஞ்சூண்டு, சாயங்காலம் கொஞ்சூண்டு."

"காய்ஞ்சு கெடந்துச்சும்மா. வாயுள்ள சீவனா இருந்தா கேக்கும். அது வாயில்லாதது."

இலையைத் தொட்டேன். கையோடு வந்தது. அடிப்பாகம் பழுப்புக் கூழாகி, புளித்த சோற்றுத் தண்ணீரின் நாற்றம். மேல்பாகம் மட்டும் கடைசி வரை பச்சையும் மஞ்சளுமாக, கீழே நடந்தது எதுவும் தெரியாமல், மிடுக்காக நின்றிருந்தது.

அடுத்த இலைக்கு அண்ணி மறுபடி பால் வைக்கப் போனார். இந்த முறை நான் கெட்டிக்காரி ஆனேன். ஓர் இலையிலிருந்து பல செடி எடுக்கலாம் என்று, மரவள்ளிக் குச்சி வெட்டுகிற மாதிரி துண்டு துண்டாக வெட்டினேன். வெட்டிய காயம் உலரட்டும் என்று செய்தித்தாளில் பரப்பி வைத்தேன். கணவர் பூரி தேய்க்க மேசை வேண்டும் என்று செய்தித்தாளை மடித்து, துண்டுகளை ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டுவிட்டார். எது தலை, எது கால் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன. உத்தேசமாகக் குத்தி வைத்தேன்.

அந்தத் துண்டுகள் சாகவில்லை. அதுதான் கொடுமை. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, நட்ட மாதிரியே நின்றன. வாடவும் இல்லை, வளரவும் இல்லை. பொறுமை போய் ஒன்றைப் பிடுங்கினால், வேரே இல்லை. தலைகீழாக நட்டிருக்கிறேன். பிடுங்கியவற்றில் பாதிக்கு மேல் தலைகீழ். மண்ணுக்குள் தலையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் நின்றிருக்கின்றன. அப்படி நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும். அலுவலகத்தில் என் மேசைக்குப் பக்கத்திலேயே ஒருத்தி இருக்கிறாள்.

அதற்குப் பிறகு வெட்டும்போதே கீழ்ப்பக்கத்தைக் கூராகச் சீவி அடையாளம் வைத்தேன். போத்தலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நிறுத்தினேன். கணவருக்குப் போத்தல் பக்கம் வரத் தடை. ராவாங்கில் வேலை முடித்து, நெரிசலில் நின்று நின்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போவேன். ஒரு நாள் வெள்ளை நூல் மாதிரி வேர் வந்திருந்தது. கத்தினேன். அவர் பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடி வந்தார்.

வேர் வந்ததை மண்ணில் வைத்து, தண்ணீர் காட்டாமல், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்து, கடைசியில் வந்த முதல் முளை பச்சை. சின்னப் பிள்ளை, வளர்ந்தால் கரை வரும் என்று நினைத்தேன். வளர்ந்தது, வரவில்லை. அடுத்ததும் பச்சை. இப்போது இதுவும்.

"பத்தாங் காலி ரோட்டுல நர்சரியில கும்பல் கும்பலா இருக்கு. மஞ்சக் கரையோட. ஒன்ன வாங்கிட்டு வந்தா முடிஞ்சுபோச்சு" என்றார் கணவர்.

"அது வேணாம்."

"அதுவும் இதே செடிதானே."

"அது யாரோடதோ."

அவர் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ இரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. ஓர் எண்ணம் வந்துவிட்டது, வந்த பிறகு போக மறுத்தது. அண்ணி வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடுகிற இடத்தில், கரை இல்லாத பச்சைப் பாம்புச் செடிகள் சின்னச் சின்ன டப்பாக்களில் நிற்பதை ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஏதோ செய்கிறார். செடிக்கு என்னவோ போடுகிறார். அல்லது நான் வருவதற்கு முன் எதையோ மாற்றி வைக்கிறார். கரையுள்ள இலையைத்தான் என் கையால் ஒடித்தேன் என்பது எனக்கே தெரியும். இருந்தும் புத்தி அப்படித்தான் ஓடியது. கோபத்துக்குத் தாவரவியல் தெரியாது.

போனை எடுத்தேன்.

"அண்ணி, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ?"

"ம். அண்ணி, அந்தச் செடி… கரையே வர மாட்டேங்குது. எல்லாம் பச்சையா வருது."

"எந்தச் செடி?"

இதற்கு என்ன சொல்வது? அவர் பார்க்காத செடி அது. எனக்குக் கொடுக்காத செடி.

"வாசல்ல இருக்கிறதுதான். நீங்க அதுல வேற ஏதும் கலந்து வச்சிருக்கீங்களா?"

போனில் அவருக்குப் பின்னால் ஒரு லோரி போகிற சத்தம்.

"நான் பார்க்கவே இல்லியேம்மா. நீதானே ஒடிச்ச? நீ எதை ஒடிச்சேன்னு நான் எப்படிச் சொல்றது?"

"இல்ல அண்ணி, சும்மா கேட்டேன்."

"கேட்டதுனாலதான் வரல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகலாம். இது ஈரமும் இல்லாமல் காய்வும் இல்லாமல், தலைகீழாக நட்ட துண்டு மாதிரி நின்றது.

செய்தி சொந்தக்காரர்கள் வழியாக வந்தது. அண்ணி ஜோகூருக்குப் போகிறார், மகன் வீட்டோடு. அசாம் ஜாவா வீட்டை வாடகைக்கு விடப் போகிறார்கள். என்னிடம் நேரே சொல்லவில்லை. அண்ணி இல்லாத வாசலில், யாரோ ஒரு வாடகைக்காரர் காரைப் பின்னால் எடுக்கும்போது அந்தத் தொட்டி இடித்துக் கவிழ்வதை நான் நின்ற இடத்திலேயே மனக்கண்ணில் பார்த்தேன்.

அன்றைக்கு மகள் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். நான் ஜன்னலில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் திருப்பிப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ம்மா, என்ன ப்ராப்ளம் இப்ப?"

சொன்னேன். அவள் போனை எடுத்தாள். நான் சமையலுக்கு எடுத்த வெங்காயம் ஒன்றை உரித்து முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டாள்.

"ம்மா, லீஃப்ல வச்சா எல்லோ பார்டர் வரவே வராதாம். க்ரீனாத்தான் வருமாம். கீழ கெழங்கோட பிரிச்சு வச்சாத்தான் பார்டர் வருமாம். எல்லாருக்கும் தெரியும் போல லா."

"எல்லாருக்கும்னா?"

"இன்டர்நெட்ல எல்லாருக்கும்."

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே ம்மா."

வெங்காயம் கண்ணைக் கரித்தது. வெங்காயம்தான். இத்தனை போத்தல், இத்தனை டப்பா, இத்தனை முகத்திருப்பல், இல்லாத பால், பொய் இருமல். முகத்தைத் திருப்புகிற நேரத்துக்குள் இலையைத்தான் திருட முடியும். கிழங்கை யாராலும் திருட முடியாது. தொட்டியைக் கவிழ்க்க வேண்டும், மண்ணைக் கொட்ட வேண்டும், வெட்ட வேண்டும். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நம் முன்னோர்கள் யாரும் இந்தச் செடிக்கென்று ஒரு விலக்குச் சொல்லி வைக்கவில்லை.

ஞாயிறு காலை நான் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போனேன். செம்பனைக்கு நடுவே போகிற ஒற்றைச் சாலை. முன்னால் பழக்குலை ஏற்றிய ஒரு லோரி, முந்தவும் வழியில்லை. அதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது பங்கு கேட்கிற மாதிரியே ஒலித்தது.

வீட்டுக்குள் அட்டைப் பெட்டிகள். அண்ணி ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"வா. பசியாறுனியா?"

"ஆச்சு அண்ணி."

கோப்பி கலந்து கொடுத்தார். குடித்தேன். ஜோகூரில் மழையாம். பேரனுக்குப் பல் முளைக்கிறதாம். நான் வாசலைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்தார். எழுந்தார்.

"அடுப்புல பால்…"

"திரும்பாதீங்க அண்ணி."

நின்றார்.

"கேட்டு வாங்கத்தான் வந்திருக்கேன். எலை வேணாம். கெழங்கோட பிரிச்சுக் குடுங்க."

"கேட்டு வாங்குனா தழைக்காதும்மா."

"தழைக்காட்டி போகட்டும். திருடித் திருடிப் பார்த்துட்டேன். பச்சையாத்தான் வருது."

அண்ணி கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு "வா" என்று சொல்லிப் பின்பக்கம் நடந்தார். துணிக் கம்பிக்குக் கீழே, அன்றைக்கு நான் ஜன்னலில் பார்த்த அந்த டப்பாக்கள். மார்ஜரின் டப்பா, பிஸ்கட் டின், ஒடிந்த வாளி. ஒவ்வொன்றிலும் ஒரு பாம்புச் செடி. எல்லாம் பச்சை.

"எனக்கும் இப்படித்தான் வருது" என்றார். "ஜோகூருக்குக் கொண்டுபோகலாம்னு எலை எலையா வச்சேன். ஒன்னுலயும் கரை இல்ல. என் வீட்டுச் செடிய நானே எப்படித் திருடுறது சொல்லு? அதான் வரலன்னு நெனச்சேன். பெறகு…"

"பெறகு?"

"நீ ஒடிச்சுட்டுப் போன பெறகுதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சேன். ஒன் கண்ணு பட்டுப்போச்சுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. "என் கண்ணா? நீங்கதான் எதையோ கலந்து வச்சிருக்கீங்கன்னு நான் நெனச்சேன்."

"தெரியும். போன்லயே கேட்டியே."

மகள் சொன்னதைச் சொன்னேன். இலை வழியாகக் கரை வராது, கிழங்கு வழியாகத்தான் வரும். அண்ணி நம்பவில்லை. "போன்ல எதைத்தான் போடல" என்றார். ஆனால் பாராங்கத்தியை எடுத்து வந்தார்.

வாசலுக்கு வந்தோம். தொட்டி ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. உள்ளே கிழங்குகள் முட்டி முட்டிப் பிளாஸ்டிக்கை வெளுக்க வைத்திருந்தன. சாய்த்துப் படுக்கப் போட்டு இழுத்தோம், வரவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் மூச்சு வாங்கி உட்கார்ந்தோம்.

"தொட்டியக் கிழிக்கணும்" என்றேன்.

"அவரு வாங்குனது."

கத்தி அண்ணி மடியில் இருந்தது. அவர் கிழிக்கவில்லை, பேசினார்.

"அன்னைக்கு முப்பதாம் நாளு, ஒங்க மாமா பங்கு உண்டான்னு கேட்டாரே. நீ ஏன் வாயத் தொறக்கல?"

"நான் எதுக்கு அண்ணி தொறக்கணும்? நான் கேக்கவே இல்லியே."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னு தட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்."

"வேணும்னு சொன்னாத்தானே வேணாம்னு சொல்றதுக்கு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒன் மூஞ்சப் பார்க்கலியே. அடுப்படியிலல்ல நின்னேன்."

வாசலில் வெயில் ஏறிவிட்டது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? பந்தியில் நான் தலை குனிந்தேன், அடுப்படியில் அவர் முதுகைக் காட்டி நின்றார். வேண்டாம் அண்ணி, என்றேன். வீடு வேண்டாம், எனக்கு ஒன்றும் வேண்டாம், அன்றைக்கே சொல்லியிருப்பேன், சொன்னால் அதுவரை வேண்டும் என்று நினைத்திருந்த மாதிரி ஆகிவிடுமே என்று சொல்லவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். குரல் என்னவோ சண்டை போடுகிற குரலாகத்தான் வந்தது.

"சரி சரி. கத்தாத. பக்கத்து வீட்டுல பசியாறுறாங்க" என்றார் அண்ணி.

பிறகு கத்தியைத் தொட்டியின் விளிம்பில் வைத்து, ஒரே இழுப்பாக அடிவரை கிழித்தார்.

உள்ளே மண்ணே இல்லை. எல்லாம் வேரும் கிழங்கும். இஞ்சியை விடத் தடிப்பாக, பச்சை மஞ்சளை உடைத்தால் வருகிற நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்று சுற்றிக்கொண்டு, தொட்டி போன பிறகும் தொட்டியின் வடிவத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"நான் வெட்டுறேன். நீ எடுத்துக்க" என்றார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணன் தம்பிகள் நிலம் பிரிக்கிற முறை அது. ஒருவர் வெட்ட, மற்றவர் எடுப்பது. வெட்டினார். நான் சின்னதை எடுத்தேன்.

"இந்தா, தியாகி வேசம் போடாத. பெருச எடு. என் மருமக கார்லதான் நான் போகணும். அவ சீட்டுல மண்ணு ஒட்டுனா ஜோகூர் வரைக்கும் யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

பெரியதை எடுத்தேன். பழைய சாக்கில் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்க வைத்து, சீட் பட்டி போட்டேன். கரைகள் மண்ணாகிக் கிடந்தன. அண்ணி உள்ளே போய், காரைத் துடைக்கிற துணி ஒன்றைக் கொண்டுவந்தார். அதே துணியா என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். எல்லாம் துடைத்து முடித்தார். அடியிலிருந்து நுனிக்குத்தான் துடைத்தார்.

"தேங்க்ஸ் அண்ணி" என்றேன்.

"போச்சு. இனிமே எங்க தழைக்கும்" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது அது எங்கள் வீட்டு வாசலில், புதுத் தொட்டியில் இருக்கிறது. வந்த வாரமே ஓர் இலை சரிந்தது. இன்னொன்று அடியில் மென்மையாகி, வெட்டி எறிந்தேன். மீதி நிற்கின்றன, கரையோடு, அசைவில்லாமல். புது முளை ஒன்றும் இல்லை. தினமும் மண்ணைக் கிளறிப் பார்க்கிறேன், கிளறுவதால்தான் வரவில்லை என்கிறார் கணவர். அவர் ரப்பர்க் குழாயோடு பக்கத்தில் வந்து நிற்பதால்தான் வரவில்லை என்கிறேன் நான். ஜன்னலில் இருக்கிற பச்சைகளுக்கு ஒரு கவலையும் கிடையாது. அவை தண்ணீருக்கும் தழைக்கின்றன, தண்ணீர் இல்லாமலும் தழைக்கின்றன. டப்பாவை உடைத்துக்கொண்டு குட்டி போடுகின்றன. பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், நான் முகத்தைத் திருப்பவில்லை. "எத்தனை வேணும்னாலும் எடுத்துக்க லா" என்று நேராகப் பார்த்துச் சொன்னேன். அதுவும் அவள் வீட்டில் தழைக்கிறது.

நேற்று அண்ணி ஜோகூரிலிருந்து கூப்பிட்டார். பேரனின் பல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு, மருமகளின் சமையலைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் கேட்டார்.

"ஒன்னுதுல மொளச்சிருச்சா?"

"இல்ல அண்ணி. ஒங்களுதுல?"

"இல்ல. மொளச்சா மொதல்ல எனக்குச் சொல்லு. கண்ணு வைக்க மாட்டேன்."